ஃபெர்குசன்: ஒரே நாளில் வந்த இரண்டு அறிக்கைகள்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் பெருநகரை ஒட்டியிருக்கும் ஃபெர்குசன் என்ற சிற்றூரின் மேயர் ஜேம்ஸ் நோல்ஸ், 2014 ஆகஸ்டில் எம்எஸ்என்பிசி தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியில், தம் ஊரில் இனப்பிளவு என்று ஒன்று கிடையாது என்றும், ஊர்மக்கள் அனைவரின் கருத்தும் அதுவே என்றும் உறுதியாகச் சொன்னார். அப்போது அதே ஊரின் வெஸ்ட் ஃப்ளோரிசன்ட் சாலையில் கறுப்பின இளைஞர் ஒருவரைக் காவலர் சுட்டுக் கொன்றதை எதிர்த்துக் கிட்டத்தட்டப் பத்து நாட்களாக ஆர்ப்பாட்டம் நடந்துகொண்டிருந்தது. கண்ணீர்ப்புகைக் குண்டுகள் வெடித்தன. கவச வண்டிகள் நின்றன. மாநில ஆளுநர் தேசியக் காவற்படையை வரவழைத்திருந்தார். மேயர் தெரிந்தே பொய் சொன்னார் என்று முடிவு கட்டுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. அவருக்கும் அவரைப் போன்ற பலருக்கும் அது உண்மையாகவே தோன்றியிருக்கிறது என்றே கருதுகிறேன். அது எப்படிச் சாத்தியமாயிற்று என்று விளங்கினால்தான், ஒரே ஊரில் வாழும் இரண்டு சாரார் இனவெறியைப் பற்றி ஏன் இவ்வளவு வேறுபட்டுப் பேசுகிறார்கள் என்பதும் விளங்கும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2014 ஆகஸ்ட் 9 நண்பகலில், கேன்ஃபீல்டு டிரைவ் என்ற குடியிருப்புத் தெருவின் நடுவே நண்பருடன் நடந்துபோய்க்கொண்டிருந்த 18 வயது கறுப்பின இளைஞர் மைக்கேல் பிரவுனை, ரோந்து வண்டியில் வந்த வெள்ளையினக் காவலர் டேரன் வில்சன் நடைபாதைக்குப் போகச் சொன்னார். வண்டியின் சன்னலருகே கைகலப்பு ஏற்பட்டது, துப்பாக்கி வெடித்தது, பிரவுன் ஓடினார், பிறகு திரும்பினார், சுட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் ஆயுதம் இல்லை. அவருடைய உடல் கோடை வெயிலில், அக்கம்பக்கத்தார் கண்ணெதிரே, ஏறக்குறைய நான்கு மணி நேரம் தார்ச்சாலையிலேயே கிடந்தது. அன்று மாலை அங்கே கூடியவர்கள் பலருக்குத் துப்பாக்கிச் சூட்டை விட அந்த நான்கு மணி நேரமே பெரிய அவமதிப்பாகத் தெரிந்தது. நவம்பர் 24 அன்று, ஒன்பது வெள்ளையரும் மூன்று கறுப்பினத்தவரும் கொண்ட கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு), வில்சன் மீது வழக்குத் தொடர வேண்டியதில்லை என்று முடிவு செய்ததாக அறிவிக்கப்பட்டது. அந்த இரவில் ஊரில் பல கட்டடங்கள் எரிந்தன.

அடுத்த ஆண்டு மார்ச் 4 அன்று, எரிக் ஹோல்டர் தலைமையிலான அமெரிக்க நீதித்துறை ஒரே நாளில் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. ஒன்று துப்பாக்கிச் சூடு பற்றியது. மற்றொன்று ஃபெர்குசன் காவல்துறையையும் நகராட்சி நீதிமன்றத்தையும் பற்றியது. முதல் அறிக்கை வில்சன் மீது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம் சாட்ட ஆதாரம் இல்லை என்றது. பிரவுன் கைகளை உயர்த்திச் சரணடைந்த நிலையில் சுடப்பட்டார் என்ற சாட்சியங்கள் தடயங்களோடு பொருந்தவில்லை என்றும், அப்படிச் சொன்னவர்களில் சிலர் பின்னர் தங்கள் வாக்குமூலத்தை மாற்றிக்கொண்டார்கள் என்றும் அது விவரமாகக் காட்டியது. "கைகள் மேலே, சுடாதே" என்ற முழக்கம் அதற்குள் நாடெங்கும் பரவியிருந்தது. இரண்டாவது அறிக்கை, ஃபெர்குசன் காவல்துறை கறுப்பினக் குடிமக்களின் அரசியலமைப்பு உரிமைகளை வழக்கமாகவே மீறிவந்தது என்றும், அதற்குப் பணத்தேவையும் இனப்பாகுபாடும் சேர்ந்தே காரணம் என்றும் சொன்னது.

எழுதியது ஒரே துறை. வெளியான நாளும் ஒன்று. ஆனால் நாட்டில் பெரும்பாலோர் தமக்கு இசைந்த அறிக்கையை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். ஒரு சாரார் முதல் அறிக்கையைக் காட்டி, எல்லாமே ஒரு பொய்யின் மேல் கட்டப்பட்ட கிளர்ச்சி என்றனர். மறு சாரார் இரண்டாவதை ஏந்திக்கொண்டு, முதல் அறிக்கையைப் பற்றிப் பேச்செடுக்காமலே கடந்தனர். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பொறுமை இருந்த சிலருக்கே ஃபெர்குசன் புரிந்தது என்பது என் துணிபு. அன்று அந்தத் தெருவில் நடந்த சாவு, மக்கள் நம்பிய விதத்தில் நடக்கவில்லை. ஆனால் மக்கள் அதை ஏன் உடனே நம்பினார்கள் என்பதற்கான விடை இரண்டாவது அறிக்கையின் நூறு பக்கங்களில் கிடக்கிறது.

அந்தப் பக்கங்களுக்குள் சற்று நின்று பார்க்க வேண்டும். 2012 முதல் 2014 வரையிலான கணக்குப்படி, ஊரின் மக்கள்தொகையில் 67 விழுக்காடாக இருந்த கறுப்பினத்தவர், காவலர் நிறுத்திய வாகனங்களில் 85 விழுக்காட்டையும், எழுதப்பட்ட டிக்கெட்டுகளில், அதாவது அபராதச் சீட்டுகளில், 90 விழுக்காட்டையும், கைதுகளில் 93 விழுக்காட்டையும் சுமந்தார்கள். நிறுத்தப்பட்ட பின் சோதனை போடப்படும் வாய்ப்பு கறுப்பின ஓட்டுநர்களுக்கு மற்றவர்களைப் போல இருமடங்குக்கும் மேல் இருந்தது. அந்தச் சோதனைகளில் தடைசெய்யப்பட்ட பொருள் சிக்கும் வாய்ப்போ மற்றவர்களை விட 26 விழுக்காடு குறைவாக இருந்தது. குற்றம் அதிகம், அதனால் சோதனையும் அதிகம் என்ற வாதம் இந்த ஓர் இடத்திலேயே நிற்க முடியாமல் போகிறது. காவல் நாய் கடித்த சம்பவங்களில் கடிபட்டவரின் இனம் பதிவாகியிருந்த 14இலும் கடிபட்டவர் கறுப்பினத்தவரே. சாலையில் நடக்கும் முறை தவறு என்று ஒரு குற்றப்பிரிவு அந்த ஊரில் இருந்தது. அதில் வழக்குப் பதிவானவர்களில் 95 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். மைக்கேல் பிரவுனைக் காவலர் முதன்முதலாக அதட்டியதும் தெருவில் நடந்ததற்காகத்தான் என்பதை நினைவில் கொண்டால், கேன்ஃபீல்டு டிரைவில் கூடிய கூட்டத்துக்கு அந்த அதட்டல் எவ்வளவு பழகிய குரலாக இருந்திருக்கும் என்பது தெரியும்.

எண்களை விட அறிக்கை சொல்லும் இரண்டு மனிதர்களின் கதைதான் என்னை நெடுநேரம் விடாமல் பிடித்துவைத்தது. 2012 கோடையில் ஒரு பூங்காவில் கூடைப்பந்து ஆடிவிட்டு, நிறுத்தியிருந்த தன் காரில் உட்கார்ந்து வியர்வை ஆற்றிக்கொண்டிருந்த 32 வயதுக் கறுப்பினத்தவர் ஒருவரின் பின்னால் காவலர் வண்டியைக் கொண்டுவந்து மறித்தார். பூங்காவில் பிள்ளைகள் இருப்பதைச் சுட்டி, சிறுவர்களிடம் தவறாக நடப்பவர் என்று பழி சுமத்தினார். காரைச் சோதிக்க அனுமதி கேட்டார். அவர் தம் அரசியலமைப்பு உரிமையைச் சொல்லி மறுத்ததும், துப்பாக்கியை நீட்டிக் கைது செய்தார். எட்டுக் குற்றங்கள் பதிவாயின. அவற்றில் ஒன்று, முழுப்பெயரைச் சொல்லாமல் 'மைக்' என்று சுருக்கப் பெயரைச் சொன்னதால் பொய்த் தகவல் தந்தது. இன்னொன்று, நின்ற காரில் சீட் பெல்ட் அணியாதது. இந்த வழக்கால், மத்திய அரசின் ஒப்பந்தப் பணியில் பல ஆண்டுகள் இருந்த வேலையை அவர் இழந்தார்.

மற்றொருவர் ஒரு பெண். 2007இல் ஒரே ஒரு முறை காரைத் தவறாக நிறுத்தியதற்காக அவருக்கு இரண்டு டிக்கெட்டுகள் வந்தன. அபராதம் 151 டாலரும் அதன்மேல் கட்டணங்களும். சில காலம் தங்க வீடில்லாமல்கூட இருந்த அவர், நீதிமன்றத் தேதிகளுக்கும் தவணைகளுக்கும் தவறியதாக ஏழு முறை குற்றம் சாட்டப்பட்டார். ஒவ்வொரு தவறுக்கும் புதிய அபராதமும் பிடியாணையும் சேர்ந்தன. இரண்டு முறை கைதாகி ஆறு நாள் சிறையில் இருந்தார். நீதிமன்றத்துக்கு 550 டாலர் கட்டியிருந்தார். 2014 டிசம்பரில், அதாவது காரை நிறுத்திய நாளிலிருந்து ஏழாண்டுக்குப் பிறகும், அவர் கட்ட வேண்டிய பாக்கி 541 டாலர் என்று நீதிமன்றக் கணக்கு காட்டியது.

ஒரு நகராட்சி ஏன் இப்படி நடந்துகொண்டது என்ற கேள்விக்கு வரவுசெலவுத் திட்டத்தில் விடை இருக்கிறது. 2010 நிதியாண்டில் ஃபெர்குசனின் பொது வருவாய் 1 கோடியே 10 லட்சத்து 70 ஆயிரம் டாலர்; அதில் அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் 13 லட்சத்து 80 ஆயிரம், ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. 2015 நிதியாண்டுக்கு எதிர்பார்த்த வருவாய் 1 கோடியே 32 லட்சத்து 60 ஆயிரம். அதில் அபராதக் கணக்கு 30 லட்சத்து 90 ஆயிரம், கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. விற்பனை வரி குறையப் போகிறது, டிக்கெட் எழுதுவது வேகம் பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு வசூல் கடினம் என்று நகராட்சியின் நிதி அதிகாரி 2010 மார்ச்சில் காவல்துறைத் தலைவருக்கு எழுதிய கடிதம் அறிக்கையில் இடம்பெற்றிருக்கிறது. மிசூரியில் 1980இல் வந்த ஹான்காக் திருத்தத்தின்படி, பொதுவாக்கெடுப்பு இல்லாமல் உள்ளாட்சிகள் வரியை உயர்த்த முடியாது. ஃபெர்குசன் அடங்கிய செயின்ட் லூயிஸ் கவுன்டியிலோ (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஏறக்குறைய தொண்ணூறு நகராட்சிகள். பலவற்றுக்குத் தனிக் காவல்துறை, தனி நீதிமன்றம். வரி கேட்டால் வாக்காளர் மறுப்பார். டிக்கெட்டுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2013இல் மட்டும் ஃபெர்குசன் நீதிமன்றம் 9,000க்கும் மேற்பட்ட பிடியாணைகளைப் பிறப்பித்தது. அவற்றில் பெரும்பகுதி வண்டி நிறுத்தம், போக்குவரத்து, வீட்டு விதிமீறல் போன்ற சில்லறைக் குற்றங்களுக்கானவை. ஊரின் மக்கள்தொகையே சுமார் 21,000தான்.

இந்த நிலைக்கு நகராட்சி அதிகாரிகள் தந்த விளக்கம், கருத்து வேறுபாட்டின் உட்கருவைத் தொடுகிறது. சமூகத்தின் "சில பிரிவினரிடம்" தனிப்பட்ட பொறுப்புணர்வு இல்லாததே இந்த விகிதங்களுக்குக் காரணம் என்று அவர்கள் விசாரணையாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அபராதத்தை நேரத்துக்குக் கட்டினால் பிடியாணை ஏன் வரப்போகிறது என்பது அவர்கள் வாதம். அதே அதிகாரிகள் தங்களுக்கும் நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் வந்த டிக்கெட்டுகளை ஒருவருக்கொருவர் சொல்லி ரத்து செய்துகொண்டதற்கான மின்னஞ்சல்கள் அறிக்கையில் வரிசையாக இருக்கின்றன. நகராட்சி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்யும் வாய்ப்பு, மற்றவர்களை விடக் கறுப்பினத்தவருக்கு 68 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒபாமாவையும் கறுப்பின மக்களையும் இழிவுபடுத்தும் மின்னஞ்சல்களும் காவல்துறை மேலாளர்களின், நீதிமன்ற ஊழியரின் அலுவலகக் கணக்குகளிலேயே கிடைத்தன. பொறுப்புணர்வு என்பது ஒருவருக்கு அறிவுரையாகவும் மற்றொருவருக்குச் சலுகையாகவும் அளக்கப்பட்டிருக்கிறது. இதைப் படித்த பிறகு, பணத்துக்காக மட்டுமே நடந்தது, இனத்துக்கு இதில் இடமில்லை என்று வாதிடுவது எனக்கு இயலாததாகத் தோன்றுகிறது.

ஆனாலும், அந்த ஊரின் வெள்ளையினக் குடும்பங்களில் பல மனமறிந்து யாருக்கும் தீங்கு நினைத்தவை அல்ல. ஊர் இப்படிப் பிளந்திருந்ததற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டின் குடியேற்ற வரலாறு இருக்கிறது. 1916இல் செயின்ட் லூயிஸ் நகர வாக்காளர்கள், ஓர் இனத்தவர் 75 விழுக்காடு வாழும் தெருவில் மற்ற இனத்தவர் புதிதாகக் குடியேறக் கூடாது என்ற விதியைப் பொதுவாக்கெடுப்பில் பெரும்பான்மையாக நிறைவேற்றினார்கள். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் வேறொரு நகரத்தின் வழக்கில் இத்தகைய விதிகள் செல்லாது என்றதும், வீட்டுப் பத்திரத்திலேயே கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று எழுதும் வழக்கம் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. அத்தகைய பத்திரங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்ற 1948ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஷெல்லி எதிர் கிரேமர் தீர்ப்பு, செயின்ட் லூயிஸின் லபாடி அவென்யூவில் இருந்த ஒரு வீட்டைப் பற்றியது. 1970இல் ஃபெர்குசனுக்குச் சில மைல் வடக்கே, பல இனத்தவரும் வாழக்கூடிய அடுக்குமாடி ஒன்று வரவிருக்கிறது என்றதும், அதைத் தடுக்கவே பிளாக் ஜாக் என்று ஒரு புதிய நகராட்சி உருவானது. அதன் தடையைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1974இல் இனப்பாகுபாடு என்று தள்ளியது.

ஃபெர்குசனுக்கு அடுத்த ஊர் கின்லாக், மிசூரியின் மிகப் பழைய கறுப்பின நகராட்சி. 1960களின் பிற்பகுதி வரை, இரண்டு ஊர்களையும் இணைக்கும் முக்கியச் சாலையை ஃபெர்குசன் சங்கிலி கட்டி அடைத்து வைத்திருந்தது. வேறொரு சாலை பகலில் மட்டும் திறந்திருக்கும். வெள்ளையர் வீடுகளில் சமைக்கவும் பிள்ளை பார்க்கவும் வரும் கின்லாக் பெண்கள் அதன் வழியே வந்து, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். 1975இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே கின்லாக் பள்ளிகள் ஃபெர்குசன்-ஃப்ளோரிசன்ட் பள்ளி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டன. பிற்பாடு விமான நிலைய விரிவாக்கத்துக்காகக் கின்லாக்கின் வீடுகள் ஒவ்வொன்றாக வாங்கி இடிக்கப்பட்டு, ஒரு காலத்தில் பத்தாயிரம் பேர் வரை வாழ்ந்த ஊரில் 2010 கணக்கெடுப்பில் முந்நூறு பேர்கூட இல்லை. வெளியேறியவர்களில் பலர் ஃபெர்குசனின் அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள்.

1990இல் ஃபெர்குசனில் கறுப்பினத்தவர் 25 விழுக்காடு, 2000இல் 52, 2010இல் 67. இந்த மாற்றத்தின்போது வெள்ளையரில் பெருந்தொகையினர் வீட்டை விற்று, மிசூரி ஆற்றைத் தாண்டி செயின்ட் சார்ல்ஸ் கவுன்டிக்குப் போய்விட்டார்கள். போகாமல் இருந்தவர்களின் மனநிலையை இங்கே சரியாக எடைபோட வேண்டும். அவர்கள் தெரிந்தே, கறுப்பின அண்டைவீட்டாரோடு வாழ்வோம் என்று இருந்தவர்கள். சவுத் ஃப்ளோரிசன்ட் சாலையின் உழவர் சந்தையில் இரு இனத்தாரும் சேர்ந்து காய்கறி வாங்கினார்கள். தேவாலயத்திலும் தெருக்குழுவிலும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். 2014இல் உலகமே தம் ஊரின் பெயரை இனவெறிக்கு மறுபெயராக உச்சரித்தபோது, ஓடிப்போனவர்களை யாரும் கேட்கவில்லையே, இருந்த எங்களையல்லவா குற்றவாளியாக்குகிறார்கள் என்று அவர்கள் குமுறினார்கள். "ஐ லவ் ஃபெர்குசன்" என்று எழுதிய பலகைகள் வீட்டு முற்றங்களில் முளைத்தன. முன்னாள் மேயர் ஒருவர் தொடங்கிய அந்த இயக்கத்தின் சட்டைகளையும் கோப்பைகளையும் விற்க ஒரு கடையே திறக்கப்பட்டது.

அந்தப் பலகையை நட்டவர்களில் பெரும்பாலோர் அதை அன்பின் அடையாளமாகவே நட்டார்கள். அதைக் கடந்து நடந்தவர்களில் சிலருக்கு, ஒரு பிள்ளை செத்துக் கிடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத பலகையாக அது தெரிந்தது. இரண்டு பார்வையும் பொய்யில்லை. ஒரு சாரார் இன உறவை அண்டைவீட்டார் முகம் பார்த்துப் பேசுவதைக் கொண்டு அளந்தார்கள். மறு சாரார் நீதிமன்றத்திலிருந்து வரும் உறையைக் கொண்டு அளந்தார்கள். சொந்த வீட்டில் வாழும் வெள்ளையருக்கு ஒரு டிக்கெட் வந்தால் அது ஓர் எரிச்சல்; கட்டிவிட்டு மறந்துவிடுவார். கேன்ஃபீல்டு அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு அதே டிக்கெட், வேலைக்குப் போகும் வழியெல்லாம் காவல் வண்டியைக் கண்டால் நெஞ்சு படபடக்க வைக்கும் பிடியாணை. சவுத் ஃப்ளோரிசன்ட் சாலைக்கும் வெஸ்ட் ஃப்ளோரிசன்ட் சாலைக்கும் இடையே இரண்டு மைல்கூட இல்லை. ஆனால் அண்டைவீட்டு நல்லுறவு, அந்த இரண்டாவது அனுபவத்தைப் பற்றி எதுவுமே தெரியாமல் பல ஆண்டுகள் செழித்திருக்க முடிந்தது. நல்லுறவு உண்மையானது, ஊரில் பாகுபாடு இல்லை என்பதற்கு அதைச் சாட்சியாக நிறுத்தியதுதான் தவறு.

கறுப்பின மக்களிடையே ஒரே குரல் இருந்தது என்று எண்ணுவதும் பிழை. தொண்ணூறுகளில் செயின்ட் லூயிஸ் நகரத்திலிருந்து வந்து, கடன் வாங்கிச் சொந்த வீட்டில் குடியேறிய நடுத்தர வயதினர் பலர், ஊரின் மீது பெருமிதம் கொண்டவர்கள்; கடைகள் எரிந்தது அவர்களைக் காயப்படுத்தியது. நவம்பர் 24 இரவில் கண்ணாடி உடைக்கப்பட்ட கடைகளில், கறுப்பினப் பெண் ஒருவர் சில மாதங்களுக்கு முன்புதான் திறந்திருந்த கேக் கடையும் ஒன்று. அதைச் சீராக்க நாடெங்கிலுமிருந்து பணம் வந்து குவிந்தது. மறுபுறம், அமைதியாகக் கேட்ட ஆண்டுகளில் எங்களை யார் பார்த்தார்கள் என்று கேட்ட இளைஞர்கள், பழைய தலைமுறையின் தேவாலயத் தலைவர்களையே கூட்டங்களில் எதிர்த்துப் பேசினார்கள். 2017இல் நடந்த மேயர் தேர்தலில், எல்லா ஜோன்ஸ் (Ella Jones) என்ற கறுப்பின நகரசபை உறுப்பினரை வென்று, அதே ஜேம்ஸ் நோல்ஸ் மூன்றாம் முறையாக மேயரானார். மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர் வாழும் ஊரில் இது நடந்தது என்பதை, தோலின் நிறத்தைக் கொண்டே கருத்தைக் கணித்துவிடலாம் என்று நம்புவோர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த விவாதத்தில் எதிர்த்தரப்பின் வலுவான வாதமாக நான் கருதுவது பைன் லான் பற்றியது. ஃபெர்குசனுக்குத் தெற்கே உள்ள அந்தச் சிறு நகராட்சியில் கிட்டத்தட்ட எல்லோருமே கறுப்பினத்தவர், மேயரும் கறுப்பினத்தவர். ஆனால் அங்கும் அபராதமே நகராட்சியின் பிழைப்பாக இருந்தது. மக்கள்தொகையை விட நிலுவையிலிருந்த பிடியாணைகள் பல மடங்கு அதிகம். அப்படியானால் இதை இனவெறி என்று எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் விடை இது: கடைவீதியும் தொழிற்சாலையும் வெளியேறிப்போன, வீட்டு மதிப்பு விழுந்த ஒரு பகுதியில் கறுப்பின மக்கள் வந்து சேர்ந்ததற்கே மேலே சொன்ன சட்டங்களும் பத்திரங்களும் சங்கிலிகளும் காரணம். அந்த வறண்ட நிலத்தில் எந்த நிறத்தவர் நாற்காலியில் உட்கார்ந்தாலும் வருவாய்க்கான வழி குடிமக்களின் பையாகவே இருந்தது. ஃபெர்குசனில் அதற்கு மேலும் ஒன்று சேர்ந்தது: யாருடைய பை என்பதைக் காவலரின் கண் தேர்ந்தெடுத்தது. முதலாவது அமைப்பின் அநீதி. இரண்டாவது மனிதர் செய்த பாகுபாடு. இவற்றைப் பிரித்தறியாமல் எல்லாவற்றையும் ஒரே சொல்லால் அழைப்பதாலேயே, குற்றம் சாட்டப்படாதவரும் தம்மைத்தான் சொல்கிறார்கள் என்று காதைப் பொத்திக்கொள்கிறார்.

நாடு முழுவதும் இதே பிளவுதான் தெரிந்தது. 2014 ஆகஸ்டில் பியூ ஆய்வு மையம் எடுத்த கருத்துக்கணிப்பில், இந்த நிகழ்வு இனத்தைப் பற்றிய முக்கியக் கேள்விகளை எழுப்புகிறது என்று கறுப்பினத்தவரில் 80 விழுக்காட்டினர் சொன்னார்கள். வெள்ளையரில் 37 விழுக்காட்டினரே அப்படிச் சொன்னார்கள். இனத்துக்குத் தேவைக்கு மீறிய கவனம் தரப்படுகிறது என்றவர்கள் வெள்ளையரில் 47 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 18.

கருத்து மாறாவிட்டாலும் அதிகாரம் இடம் மாறியது. 2014இல் நகரசபையின் ஆறு உறுப்பினர்களில் கறுப்பினத்தவர் ஒருவரே. ஐம்பதுக்கும் மேற்பட்ட காவலர்களில் மூவரோ நால்வரோதான். ஆளும் இனமும் வாழும் இனமும் இப்படி விலகி நின்றதற்குத் தேர்தல் நாட்காட்டியும் ஒரு காரணம்: உள்ளாட்சித் தேர்தல் ஏப்ரலில், அதிபர் தேர்தலின் பரபரப்பு எதுவுமின்றி நடக்கும், 2013இல் வாக்களித்தவர்கள் சுமார் 12 விழுக்காட்டினரே. 2015 ஏப்ரலில் அது ஏறக்குறைய 30 விழுக்காடாக உயர்ந்து, சபையில் கறுப்பினத்தவர் மூவராயினர். பள்ளி மாவட்டத்திலோ மாணவர்களில் முக்கால்வாசிக்கும் மேல் கறுப்பினத்தவராக இருந்தும், வழக்கு தொடுக்கப்பட்ட 2014இல் ஏழு பேர் கொண்ட பள்ளி வாரியத்தில் கறுப்பின உறுப்பினர் ஒருவரே இருந்தார். மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதியாக வாக்களிக்கும் அந்த முறை வாக்குரிமைச் சட்டத்தை மீறுகிறது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. எல்லா ஜோன்ஸ் 2020 ஜூனில் ஊரின் முதல் கறுப்பின மேயரானார். முதல் பெண் மேயரும் அவரே.

சீர்திருத்தத்துக்கு யார் பணம் தருவது என்பதிலும் ஊர் பிளந்தது. நீதித்துறையோடு பேசி முடித்த ஒப்பந்தத்தில், செலவு தாங்காது என்று 2016 பிப்ரவரியில் நகரசபை திருத்தங்கள் சேர்க்க, மறுநாளே நீதித்துறை வழக்குப் போட்டது. அடுத்த மாதம் சபை முழு ஒப்பந்தத்தையும் ஏற்றது. வரி உயரும் என்று அஞ்சிய வீட்டுக்காரர்களில் இரு இனத்தாரும் இருந்தார்கள். கருத்து வேறுபாடு இங்கே நிறத்தைக் கடந்து, யாருக்குச் சொத்து இருக்கிறது, யாருக்குப் பிடியாணை இருக்கிறது என்ற கோட்டில் விழுந்தது.

வில்சன் வழக்கில்கூடக் காலம் ஓர் எதிர்பாராத விடையைத் தந்தது. கிராண்ட் ஜூரியை நடத்திய அரசு வழக்கறிஞர் பாப் மெக்கல்லக்கை 2018இல் தோற்கடித்து அந்தப் பதவிக்கு வந்தவர் வெஸ்லி பெல். 2015 மாற்றத்தில் ஃபெர்குசன் சபைக்குத் தேர்வான கறுப்பினத்தவர்களில் ஒருவர். ஆர்ப்பாட்டக்காரர்களின் ஆதரவோடு வந்த அவர், வழக்கை மீண்டும் ஆராய்ந்து, 2020 ஜூலையில் வில்சன் மீது குற்றம் நிரூபிக்க இயலாது என்று அறிவித்தார். அது வில்சன் குற்றமற்றவர் என்று சொல்வதாகாது என்றும் சேர்த்துக்கொண்டார். மூன்று விசாரணைகளும் ஒரே இடத்தில் வந்து நின்றன. பிரவுனின் பெற்றோர் அதை ஏற்கவில்லை. அவர்களிடம் ஏற்கச் சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

2024 பிப்ரவரியில், அபராதம் கட்ட வழியில்லாமல் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் தொடுத்த கூட்டு வழக்கில் 45 லட்சம் டாலர் தர ஃபெர்குசன் ஒப்புக்கொண்டது; பங்கு பெறத் தகுதியானவர்கள் சுமார் 15,000 பேர். அதே ஆண்டு ஆகஸ்டில், பிரவுன் இறந்த பத்தாம் ஆண்டு நினைவையொட்டிக் காவல் நிலையத்தின் முன் நடந்த ஆர்ப்பாட்டத்தில் வேலி அசைக்கப்பட்டு, தடுக்க வந்த கறுப்பினக் காவலர் ஒருவர் கீழே தள்ளப்பட்டு மூளையில் கடுமையான காயமடைந்தார். அதற்குள் காவலர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கறுப்பினத்தவர். தலைவர் டிராய் டாயிலும் கறுப்பினத்தவரே. பத்தாண்டுகளாக இந்தத் துறை மாறியிருக்கிறது, இன்னும் எங்களைத் தண்டிப்பது ஏன் என்று அவர் செய்தியாளர்கள் முன் கேட்டார். மாற்றம் சட்டையில் மட்டுமே என்று ஆர்ப்பாட்டக்காரர்களில் சிலர் சொன்னார்கள். நீதிமன்றத்தின் மேற்பார்வையில் உள்ள 2016ஆம் ஆண்டு ஒப்பந்தமோ அப்போதும் நடைமுறையில் இருந்தது. அதன் நிபந்தனைகளில் எவை நிறைவேறின, எவை மீதமிருக்கின்றன என்று நகராட்சியும் கண்காணிப்பாளரும் நீதிபதியின் முன் அறிக்கை தந்துகொண்டிருந்தார்கள்.